பாலம் தாண்டும் வேனில் ராஜேஸ்வரி அக்கா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ராஜேஸ்வரி அக்காவுக்கு நான் உறவில்லை. தோழி என்று சொல்லிக்கொள்ளவும் தயக்கமாக இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களை டயாலிசிஸ் செய்யும் நிலையங்களுக்கு ஏற்றிச் செல்லும் வேன்களின் நேர அட்டவணையைப் போடுகிறவள் நான். அக்கா அந்த வேனில் வந்தவர். எங்களுக்குள் இருந்த தொடர்பு அவ்வளவுதான். அவரைப் பற்றி எழுத என்னைவிட உரிமை உள்ளவர்கள் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் வேனில் கூடவே வந்த நீங்களும்தான். ஆனால் வேன் ஓட்டுநர் மணியம் அண்ணன், "எங்களுக்கெல்லாம் எழுத வராதும்மா. நீங்கதான் கட்டுக்கட்டா ரிப்போர்ட் எழுதறீங்களே, இதையும் எழுதிருங்க" என்றார். ரிப்போர்ட் வேறு, இது வேறு என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேவையான நேரத்தில் எனக்கு வாய் வந்ததே இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

செய்தி வந்தது ஒரு சனிக்கிழமை காலை. பாயான் பாரு பாசாரில் அம்மாவுடன் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மணியம் அண்ணன் அழைத்தார். "ராஜேஸ் போயிட்டாங்கம்மா. காலைல எழுப்பப் போயிருக்காங்க, எழுந்திரிக்கல."

நான் ஐயோ என்று சொல்லவில்லை. எப்படி, எப்போது என்றும் கேட்கவில்லை. "நேத்து வேன் போச்சாண்ணே?" என்றுதான் கேட்டேன்.

அவர், "போச்சுமா. நான்தான் ஓட்டினேன். ஏத்தினதும் நான்தான், எறக்கினதும் நான்தான். ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்குள்ள போயிட்டாங்க" என்றார்.

"அப்பாடா" என்றேன். மீன்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஒரு மரணச் செய்திக்கு அப்பாடா என்று பதில் சொன்னது இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று அந்த வார்த்தை வாயில் வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். வேன் வராமல் ஒருவர் டயாலிசிஸைத் தவறவிட்டால் அது என் அட்டவணையின் பிழை. அந்தப் பிழைக்கு மிக அருகில் ஒருமுறை போய் வந்தவள் நான். அங்கிருந்து என்னைத் திருப்பிக் கொண்டுவந்தவர் இந்த அக்காதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வேனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பழைய நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு தீவுக்கு ஒரு வேன் சேவை, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள பெருநிலத்துக்கு வேறொரு வேன் சேவை. தீவு வேன் தீவு முகவரிக்கு மட்டும்தான் போகும். பெருநில வேன் பாலத்தில் ஏறாது. ஆனால் டயாலிசிஸ் இயந்திரம் நம் வீட்டைப் பார்த்து வருவதில்லை. எங்கே இடம் காலியாகிறதோ அங்கேதான் நாம் போக வேண்டும். அக்காவின் வீடு பெருநிலத்தில், கெப்பாலா பத்தாஸில். அவருக்கு இடம் கிடைத்தது கடல் தாண்டி, தீவில் ஆயர் ஈத்தாமில் உள்ள நிலையத்தில். இரண்டு வேன்களுமே அவரை ஏற்றவில்லை. இப்படி இரு கரையிலும் நடுவில் நின்றவர்கள் பலர். இரண்டு சேவைகளையும் ஒன்றாக இணைக்க ஒரு சிறிய திட்டக் குழு அமைத்தார்கள். பட்டம் வாங்கி ஒரு வருடமான நான் அதில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அலுவலகக் கதவைத் தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா என்பதற்கே யோசிப்பேன்.

அக்காவை முதலில் பார்த்தது கெப்பாலா பத்தாஸில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில். நான் மலாயில் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிய கை.

"தங்கச்சி, எனக்குக் கெட்டுப்போனது கிட்னி மட்டும்தான். காது நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க பேசறது அதுக்கும் கேக்கல லா."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டாவது முறை சிரித்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம். "கூட்டிட்டுப் போற நேரம் எல்லாருக்கும் போட்டிருக்கீங்க. திரும்பக் கொண்டாந்து விடற நேரம் எங்க?"

திரும்பும் பயணத்துக்கு ஒரே நேரம் போட்டிருந்தேன். நான்கு மணி நேரம் கழித்து எல்லாரும் ஒன்றாக எழுந்து ஒன்றாக வேனில் ஏறுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஊசி எடுத்த இடத்தில் ஒருவருக்கு ரத்தம் ஐந்து நிமிடத்தில் நிற்கும். இன்னொருவருக்கு அரை மணி நேரம் ஆகும். இது எனக்குத் தெரியாது. படித்த எந்தத் தாளிலும் இருந்ததில்லை. கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தார்கள். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அக்கா சரியாக இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினார். "இன்னிக்குத் தண்ணிக் கணக்கு முடிஞ்சுது. பிடிங்க, எச்சில் படாமத்தான் குடிச்சேன். ரொம்பத் திட்டிட்டேன்னு நெனைக்காதீங்க."

அதன் பிறகு, பழைய வழியில் அவரோடு ஒருநாள் போய்வரலாமா என்று கேட்டேன். நேரம் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது நான் சொன்ன காரணம். தம்பி தன் மோட்டார் சைக்கிளில் அவரைப் பட்டர்வொர்த் படகுத்துறையில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். ஃபெரியில் கடலைத் தாண்டி, அங்கிருந்து ஆயர் ஈத்தாம் பஸ். போகும்போது அக்கா சுற்றுலா வந்தவர் மாதிரி எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். இருபது வருடம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்தவர் அவர். "வேலைக்கு இந்தப் பக்கம் வந்தப்ப ஃபேக்டரி பஸ் வீட்டு வாசலுக்கே வந்துச்சு. உடம்பு நல்லா இருந்தப்ப பாலம் எனக்கு ஒரு தூரமே இல்ல. கிட்னி போனதும் பஸ்ஸும் போச்சு" என்றார். புகார் மாதிரி சொல்லவில்லை. வழியில் தெரிந்த ஒரு கட்டடத்தைக் காட்டுவது போலச் சொன்னார்.

திரும்பும்போது அவர் வேறு ஆள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். ஃபெரி பெஞ்சில் உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தார். பையில் அதற்கென்றே மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் பையில் எடுத்தார். அதாவது அது வழக்கமாக நடப்பது. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். என் மறு கையில் நேரம் எழுதும் தாள்.

"இதை ரிப்போர்ட்ல போடாதீங்க" என்றார்.

"சரிக்கா."

பட்டர்வொர்த்தில் இறங்கும்போது, "போடுங்க. ஆனா பேரு வேணாம்" என்றார்.

அறிக்கையில் 'ஒரு பயணி' என்று எழுதினேன். இப்போது அவர் பெயரை எழுதுவது அவருடைய தம்பியின் அனுமதியோடு.

இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்த கூட்டங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லக்கூடாது. எல்லாரும் நல்லவர்கள். ஆனால் தீவுக்காரர்களுக்குப் பெருநிலத்துக்காரர்கள் தங்கள் இருக்கைகளை எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். பெருநிலத்துக்காரர்களுக்கு அதே பயம் மறுபக்கமாக. ஒரு கூட்டத்தில் தீவுத் தரப்பைச் சேர்ந்த ஒருவர், வேன் ஒவ்வொரு நாளும் பாலம் தாண்டுவது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று நீளமாக ஐயப்பட்டார். பயணிகளின் பிரதிநிதியாக அழைக்கப்பட்டிருந்த அக்கா எழுந்து, நல்ல மலாயில், மிகவும் பணிவாகக் கேட்டார்: "உங்க குப்பை லாரி தினமும் பாலம் தாண்டி எங்க பக்கம் வருது. அதுக்கு ஒத்துவருது. எங்க ஆளுங்க அந்தப் பக்கம் போறதுக்கு மட்டும் ஒத்துவராதா?"

அந்த ஐயப்பட்டவரே முதலில் சிரித்தார். அன்று மாலைக்குள் மூன்று மாதச் சோதனை ஓட்டத்துக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஒரு நிபந்தனை. அந்த மூன்று மாதத்தில் வேன் வராமல் யாராவது சிகிச்சையைத் தவறவிட்டால் இணைப்பு ரத்து. பழையபடி அவரவர் வேன் அவரவர் கரையில். அப்படி ஆனால் அக்கா மீண்டும் அந்த ஃபெரி பெஞ்சுக்குப் போக வேண்டும்.

இருக்கை பற்றிய அந்தப் பயத்தைத் தீர்க்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைப் பற்றி மிகவும் பெருமையாகவும் இருந்தேன். ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு ஷிப்ட். பட்டியலில் பெயர் இல்லாதவரை ஓட்டுநர் ஏற்றக்கூடாது. விபத்துக் காப்புறுதியும் பெயர்ப் பட்டியலின்படிதான். பட்டியலை மாற்ற இரு தரப்பு அதிகாரிகளும் கையெழுத்திட வேண்டும். இரண்டு தரப்புக்கும் பிடித்திருந்தது. யாரும் யாருடைய இருக்கையையும் எடுக்க முடியாது அல்லவா? என் மேலதிகாரி முதல் முறையாக என் பெயரைச் சரியாகச் சொல்லிப் பாராட்டினார்.

சோதனை ஓட்டத்தின் இரண்டாவது மாதத்தில் நோன்புப் பெருநாள் வந்தது.

பெருநாளுக்கு முந்தைய நாள் காலை பதினொரு மணிக்கு அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, நாளைக்குக் காலைல உங்க வேன் யார் வீட்டுக்குப் போவுது?"

"பட்டியல்படிதான்க்கா. உங்க ஏரியால மக்சிக் ரொக்கையா வீட்டுக்கு."

"மக்சிக் நாளைக்குக் காலைல பெருநாள் தொழுகைக்குப் போவாங்களா, உங்க வேன்ல ஏறுவாங்களா?"

மலாய்க்கார அம்மாக்களை மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம்; அந்த மக்சிக்கைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் மெதுவாக விளக்கினார். ஹரி ராயா என்னும் இந்த நோன்புப் பெருநாளன்று காலை ஷிப்டில் இருக்கும் மலாய்க்காரர்களின் இயந்திரத்தில் தமிழர்களும் சீனர்களும் போய்ப் படுத்துக்கொள்வார்கள். தமிழர்களுடைய மாலை ஷிப்டுக்கு மலாய்க்காரர்கள் வருவார்கள். தீபாவளி அன்று இதே கதை தலைகீழாக நடக்கும். சீனப் புத்தாண்டுக்கும் அப்படித்தான். நிலையத்தில் நர்ஸ்களிடம் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுவார்கள். பிறை தெரியாமல் பெருநாள் ஒருநாள் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதற்குக்கூட அவர்களிடம் ஏற்பாடு இருந்தது. வருடக்கணக்காக நடந்து வருவது. முன்பு ஓட்டுநர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். "அண்ணே, நாளைக்கு மக்சிக்குக்குப் பதிலா நான்" என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதும். இரண்டு சேவைகளையும் இணைத்தபோது அந்த வாய்ச்சொல் போக வழியில்லாமல் நடுவில் ஒரு பட்டியலை வைத்து அடைத்தவள் நான்.

"எத்தனை பேருக்கா மாத்திருக்காங்க?"

"ஆறு ஜோடி. ஆயர் ஈத்தாம்ல லிம் அங்கிள் இருக்காருல்ல, அவருக்கு டயாலிசிஸ் பட்டர்வொர்த்துல. நாளைக்குக் காலைல போகணும். அவரு பிளாட்டுக்கு உங்க வேன் வருதா?"

பட்டியலைப் பார்த்தேன். வரவில்லை. காலையில் தவறவிட்டால் மாலையில் அவருக்கு இயந்திரமும் இல்லை. அதில் வேறொருவர் படுத்திருப்பார். ஆறு பேர் வாசலில் காத்து நிற்க, வேன்கள் ஆறு பூட்டிய வீடுகளுக்குப் போயிருக்கும். சோதனை ஓட்டமும் அங்கேயே முடிந்திருக்கும்.

நான் போனில் அழ ஆரம்பித்துவிட்டேன். அக்கா அதட்டினார். "அழுதா மூக்குதான் அடைக்கும். பேனா எடுங்க. நான் சொல்றேன், எழுதுங்க."

ஆறு ஜோடிகளை அவர் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் போன் செய்து உறுதிசெய்தோம். மலாய், சீன வீடுகளுக்கு அவர் பேசினார், தமிழ் வீடுகளுக்கு நான். போனில் பேசுவதென்றால் எனக்குக் கை வியர்க்கும். அன்று வியர்வையைத் துடைக்கக்கூட நேரமில்லை. ஓட்டுநர்களின் வழித்தடங்களை மாற்றினேன். ஒரு மணிக்குப் புதுப் பட்டியல் தயார். ஆனால் கையெழுத்துக்கு ஆளில்லை. பெருநாளுக்கு முந்தைய நாள் மதியம். ஓர் அதிகாரி ஏற்கெனவே ஊருக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார், போன் எடுக்கவில்லை. இன்னொருவரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. என் மேலதிகாரி விடுமுறையில்.

அக்காவுக்குத் திரும்பப் போன் செய்தேன். கையெழுத்து இல்லாமல் பட்டியலை அனுப்பினால் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றேன். அதைச் சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஆறு பேரின் உயிர்ப் பிரச்சினை முன்னால் இருக்க, நான் என் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வேலை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

"பயமா இருக்கா?"

"இருக்குக்கா."

"எனக்கும்தான். அனுப்புங்க. யாராச்சும் கேட்டா ராஜேஸ்வரி சொன்னான்னு என் பேரப் போடுங்க. என்னை என்ன செய்வாங்க, ஊசியா குத்துவாங்க?"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பட்டியலை ஓட்டுநர்களுக்கு அனுப்பினேன். அவர் பெயரைப் போடவில்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் என் பெயரையே எழுதினேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு அடுப்படியில் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா ஃபேக்டரிச் சீருடையில் வந்து செருப்பைத் தேடினார்.

"பெருநாளாச்சே, லீவு இல்லையாம்மா?"

"மலாய்க்காரப் பொண்ணுங்களுக்குப் பதிலா நாங்க போறோம். வருசா வருசம் போறதுதானே. இல்லாட்டி தீபாவளிக்கு உனக்கு யாரு பலகாரம் சுட்டுத் தர்றது?"

அம்மா போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பெருநாள்களில் இதைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே நடந்த வழக்கம். நான் தின்ற தீபாவளிப் பலகாரமெல்லாம் இப்படி மாற்றிக்கொண்ட ஷிப்டில் சுட்டது. பட்டியல் போடும்போது அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. படிப்பு அதை மறக்கச் சொல்லவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்ததும் எங்கள் வீட்டில் தெரிந்தவை எதுவும் அங்கே செல்லாது என்று நானாக முடிவுசெய்துகொண்டேன் போலிருக்கிறது.

மணியம் அண்ணனிடமிருந்து செய்திகள் வர ஆரம்பித்தன. "ராஜேஸ் ஏறியாச்சு." கொஞ்ச நேரம் கழித்துத் தீவு வேனிலிருந்து, "லிம் அங்கிள் ஏறியாச்சு. புதுச் சட்டை போட்டிருக்காரு, அவருக்கு என்ன ராயாவோ." பிறகு ஒவ்வொன்றாக. ஆறாவது செய்தி வந்ததும் அடுப்படித் தரையிலேயே படுத்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியை நான் தேர்வு முடிவு வந்த அன்றும் அனுபவித்ததில்லை.

விடுமுறை முடிந்து நடந்ததை நானே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். திரும்பவும் படித்தார். "நம்ம யாருக்குமே இது தோணலையே" என்று மட்டும் சொன்னார். அவரும் பெருநாள் கொண்டாடுகிறவர்தான். அடுத்த கூட்டத்தில் விதி மாறியது. வேனில் எத்தனை இருக்கை என்பதுதான் கணக்கு, யாருடைய இருக்கை என்பது கணக்கில்லை. பயணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காப்புறுதியையும் அதற்கேற்ப மாற்றினார்கள். மூன்று மாதமும் யாரும் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. இணைப்பு நிலைத்தது. என் ஒப்பந்தமும் நிலைத்தது.

அக்காவிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மக்சிக் ரொக்கையா வேனில் எல்லாருக்கும் கொண்டுவந்திருந்த ரெண்டாங் இறைச்சிக் கறியைக் காட்டி, "இதுல உப்பு, தேங்காய்ப் பால் எல்லாம் இருக்கு. எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டுதான். நீங்க நாலு துண்டு தின்னுங்க, அதான் தண்டனை" என்றார். மக்சிக்கும் தலையாட்டினார்.

அவரைக் குறையே இல்லாதவராக எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். வேனில் குளிர்சாதனத்தை யார் கூட்டினாலும் குறைப்பார். மணியம் அண்ணன் போடும் பாட்டு ஒன்றுகூட அவருக்குப் பிடித்ததில்லை. முழுப் பாலமும் அதைச் சொல்லிக்கொண்டே வருவார். ஒரு தடவை வேன் இருபது நிமிடம் தாமதமானதற்கு என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. பாலத்தில் விபத்து என்று விளக்கி மூன்று செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டு, வேறு யாருடைய புகாரையோ சொன்னார். அவருடைய சமாதானம் அப்படித்தான் இருக்கும். அவரைப் பாராட்டினாலும் பிடிக்காது. இணைப்பின் ஓராண்டு நிறைவுக்கு ஒரு சிறிய விழா வைக்கலாமா என்று கேட்டபோது சொன்னார்: "வேன் வரலைன்னாத்தான் வேனைப் பத்திப் பேசுவாங்க. வந்தா யாரும் பேச மாட்டாங்க. யாரும் பேசலன்னா நீங்க நல்லா வேலை செய்றீங்கன்னு அர்த்தம். விழா எதுக்கு?"

கடைசி நாளைப் பற்றி மணியம் அண்ணன் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வேன் நேரத்துக்கு வந்தது. அக்கா ஏறும்போதே பாட்டை நிறுத்தச் சொன்னார். திரும்பி வரும்போது அசதியாக இருந்தார். ஆனால் வாந்தி இல்லை. பாலத்தின் நடுவில் மழை பிடித்தது. "நல்லவேளை, ஃபெரில இல்ல" என்றார். வீட்டு வாசல்வரை வேன் போனது. தம்பி மனைவி குடையோடு வந்தார். இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார். டாக்டர் இதயம் என்றார். எந்த வேனாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் அவர் மழையில் நனைந்துகொண்டு படகுத்துறையில் காத்திருக்கவில்லை. தன் வீட்டில், தன் மெத்தையில், வேலை முடிந்த ஆளைப் போலப் படுத்தார். துக்கத்துக்கு நடுவே இந்த ஒன்று என்னை மூச்சுவிட வைக்கிறது. தம்பியும் அதையேதான் சொன்னார். "அந்தப் பழைய வழியிலயே போய்ட்டிருந்திருந்தா, அக்கா எங்க விழுந்திருப்பாங்களோன்னு தினமும் பயந்துட்டு இருந்திருப்பேன்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பெரிய விஷயம் எதுவுமில்லை. எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் திரும்பி வரும் பயணத்தைப் பார்க்கிறேன். போவதற்கு எல்லாரிடமும் தெம்பு இருக்கும். திரும்புகிறவர்களுக்குத்தான் வண்டி வேண்டும். கூட்டங்களில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேச முயல்கிறேன். இன்னும் முழுதாக வரவில்லை. மற்றபடி, போன் எடுக்கக் கை வியர்க்கும்போதெல்லாம், 'ஊசியா குத்துவாங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எடுத்துவிடுகிறேன்.

இனி, இவ்வளவு நேரம் சொல்லத் தயங்கிய ஒரு வேண்டுகோள்.

அக்கா போன நாளிலிருந்து அவர் உட்காரும் இடத்தில் யாரும் உட்காருவதில்லை என்று கேள்விப்பட்டேன். மக்சிக் அங்கே ஒரு துண்டு விரித்திருக்கிறார். யாரோ மல்லிகைச் சரம் வைக்கிறீர்கள். உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. வேன் அந்த இடத்தை வெறுமையாக ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டுவதை நினைத்தால் எனக்கும் அந்தத் துண்டை எடுக்க மனம் வராது.

ஆனால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவர் கெப்பாலா பத்தாஸுக்கு அப்பால் வயல் ஓரமாகக் குடியிருக்கும் ஒரு பெண். ஆயர் ஈத்தாமில் அவருக்கு இயந்திரம் கிடைத்திருக்கிறது. மகனின் மோட்டார் சைக்கிளிலும் ஃபெரியிலும் பஸ்ஸிலும் இப்போது போய்வருகிறார். அவரை ஏற்றும்படி ஓட்டுநர்களுக்கு உத்தரவு அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டு. அதை அனுப்பாமல் உங்களிடம் கேட்கிறேன்.

திங்கட்கிழமை அவர் ஏறுவார். பயந்துகொண்டுதான் ஏறுவார். தயவுசெய்து அந்தத் துண்டையும் பூவையும் எடுத்துவிட்டு, "இங்க உக்காருங்க" என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.